கப்பலேறிப் போனவரைத் தேடி டர்பன் வருகிறீர்களா? ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்

"எங்க தாத்தாவோட பெரியப்பா ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போனாராம், ரெண்டு தடவை பணம் வந்துச்சாம், அப்புறம் ஒண்ணும் தெரியல." வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. அப்படிப் போனவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ பக்கத்து டொங்காட்டிலோ இருக்கக்கூடும். அவர்களைத் தேடிப் பார்க்க வழியும் இருக்கிறது, ஏனென்றால் ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி, அன்றைக்குப் பிரிட்டிஷ் காலனி) வந்தவர்களை அன்றைய அரசு ஒருவர் விடாமல் பதிவேட்டில் எழுதி வைத்தது.

நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். வேலைக்காக டர்பன் வந்து இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டேன். ஊரிலிருந்து இப்படித் தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்வதும், வண்டி ஓட்டிக்கொண்டு கூடப் போவதும் எனக்குப் பிடித்த வேலை. முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் நேரில் சொல்வதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் பேச்சு: தனியாக வராதீர்கள். சொந்தக்காரரோடு வருவதை விட, ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு நண்பரோடு வாருங்கள். செலவைப் பங்கு போட, துணைக்கு ஒரு ஆள் என்பதெல்லாம் இருக்கட்டும், அதை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தேடுகிறவருக்கு ஆசை இருக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் தாத்தாவின் பெரியப்பா பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிடும், "இவர்தான், இவரேதான்" என்று மனசு முடிவு கட்டிவிடும். முனுசாமி, தகப்பன் பெயர் சின்னசாமி, ஜில்லா வடஆற்காடு என்று பார்த்தால் அந்தப் பட்டியலில் ஒருவரா இருப்பார்? அந்த நேரத்தில் "சரி, ஊர்ப் பெயர் என்ன போட்டிருக்கு? வயசு பொருந்துதா?" என்று நிதானமாகக் கேட்க ஒரு ஆள் வேண்டும். சித்தப்பா மகனைக் கூட்டி வந்தால் அவரும் உங்களோடு சேர்ந்து கண் கலங்குவார். நண்பர்தான் கேள்வி கேட்பார்.

கிளம்புவதற்கு முன், வீட்டிலேயே

பயணத்தில் பாதி வேலை ஊரில்தான். போனவரின் பெயர், அவருடைய தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஏறக்குறைய எந்தக் காலம் என்ற ஐந்தும் இல்லாமல் விமான டிக்கெட் போட வேண்டாம். பெரியவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்டால் பதில் வராது. "தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாடியா பின்னாடியா" என்று கேளுங்கள், அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. "அவர் போனப்ப உங்க தாத்தா பொறந்தாச்சா" என்று கேளுங்கள். தமிழ் வருஷப் பெயர் ஏதாவது கிடைத்தால் பொன்னாக எடுத்துக்கொள்ளுங்கள், அறுபது வருஷச் சுழற்சியில் அதை ஆங்கில வருஷமாக மாற்றிக்கொள்ளலாம்.

பழைய பெட்டியில் மணியார்டர் துண்டு, கடித உறை, போட்டோவின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். பழைய பாகப் பிரிவினைப் பத்திரம் இருந்தால் கட்டாயம் படியுங்கள். ஊரில் இல்லாத பங்காளியின் பெயரை அதில் குறிப்பிட்டிருக்க வாய்ப்புண்டு, குடும்பத்தில் எல்லாரும் மறந்துபோன பெயர் பத்திரத்தில் அப்படியே நிற்கும்.

காலத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். முதல் கப்பல் டுரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1866-இல் ஆள் எடுப்பது நின்று, 1874-இல் மறுபடி தொடங்கி, 1911-இல் முழுக்க முடிந்தது. மொத்தம் 1,52,184 பேர் வந்தார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஆகவே உங்கள் வீட்டுக் கதையில் அவர் 1870-இல் போனதாகவோ 1920-இல் போனதாகவோ வந்தால், ஒன்று வருஷம் தவறு, இல்லையென்றால் அவர் கூலி ஒப்பந்தத்தில் போகவில்லை, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போனவர். அப்படிப் போனவர்களைப் 'பாசஞ்சர் இந்தியர்' என்பார்கள், அவர்கள் பெயர் கூலிக் கப்பல் பட்டியலில் வராது. இல்லாத இடத்தில் மாதக்கணக்காகத் தேடிச் சோர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். மொரீஷியசுக்கோ மலாயாவுக்கோ போனவரை இங்கே தேடுகிறவர்களும் உண்டு, ஊரில் 'அக்கரை' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் வரும் சிக்கல் இது.

கலோனியல் நம்பர்

இங்கே எல்லாமே இந்த ஒரு நம்பரைச் சுற்றித்தான். ஒப்பந்தத்தில் வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். திருமணம், குழந்தை பிறப்பு, எஜமான் மாற்றம், புகார், ஊர் திரும்பியது என்று அவரைப் பற்றி எழுதும்போது பெயரோடு அந்த எண்ணையும் எழுதினார்கள். பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள், எண் மாறாது. அது கையில் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எண்ணைக் கண்டுபிடிக்கக் கப்பல் பட்டியலைத் தேட வேண்டும். டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதூலி ஆவண மையம் இருக்கிறது, அவர்கள் இந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி என்று குமாஸ்தா எழுதியது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு மச்சம் வரை இருக்கும். யாருடைய தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பதும் பல பதிவுகளில் உண்டு. மையத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, என்னென்ன தெரியும் என்று சொல்லிக் கேளுங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. எழுத்துக்கூட்டல் ஒரு ஒழுங்கில் இருக்காது. ஊர்க்காரர் வாயால் சொன்னதை ஒரு குமாஸ்தா காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியது அது. முனுசாமியில் வரும் 'மு'வை ஒரு இடத்தில் 'யு' போட்டும் இன்னொரு இடத்தில் இரண்டு 'ஓ' போட்டும் எழுதியிருப்பார்கள். கடைசி 'இ' சத்தத்துக்கு 'ஐ', 'ஒய்', 'ஈ' மூன்றும் வரும். ஆகவே நண்பரும் நீங்களும் உட்கார்ந்து, பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நீங்கள் பெயரை வைத்துத் தேடும்போது அவர் ஊர்ப் பெயரை வைத்துத் தேடட்டும், இரண்டு பேரும் ஒரே ஆளில் வந்து நின்றால் நம்பிக்கை வரும்.

ஜில்லா என்று எழுதியிருப்பது அன்றைய ஜில்லா. சித்தூர் 1911 வரை வடஆற்காட்டில் இருந்தது, இப்போது ஆந்திரா. வடஆற்காடு 1989-இல் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளாகப் பிரிந்து, 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று ஆனது, கள்ளக்குறிச்சி பிரிந்தது 2019-இல். ஆகவே 'எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் வராது, தென்னாற்காடு என்று தேட வேண்டும்.

இங்கே இன்றைக்கு நாயுடு, கவுண்டர், பிள்ளை, முதலி, செட்டி, படையாச்சி, நாயக்கர், ரெட்டி என்று குடும்பப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் கப்பல் பட்டியலில் பெரும்பாலும் வெறும் பெயரும் தகப்பன் பெயரும்தான். அந்தப் பட்டங்கள் குடும்பப் பெயராக நிலைத்தது பலருக்குப் பிற்பாடுதான். தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகிப் போன வீடுகளும் உண்டு. ஆகவே ஒரே பட்டம் என்பதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம்.

நானும் என் நண்பர்களும் வைத்திருக்கும் விதி இது: தகப்பன் பெயர், கிராமம், வயது மூன்றும் பொருந்தினால்தான் குடும்ப மரத்தில் பேனாவால் எழுதுவது. வயதில் நான்கைந்து வருஷம் முன்பின் இருக்கலாம், அன்று யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. இரண்டு மட்டும் பொருந்தினால் பென்சிலில் எழுதுங்கள். பேனாவா பென்சிலா என்று முடிவு செய்கிற உரிமையை நண்பருக்கே கொடுத்துவிடுங்கள்.

எப்போது வருவது, எப்படி வருவது

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை வராதீர்கள். நாடே விடுமுறையில் இருக்கும், பல்கலைக்கழகம், அலுவலகம் எதுவும் உதவாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம், டர்பனில் அது கடுமையாக இருக்காது, அலைய வசதி. ஆடி மாதமும் அதற்குள் வரும், அதன் பயனைப் பிறகு சொல்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையம் வழியாக விண்ணப்பம். இரண்டு பேரும் ஒன்றாகவே கொடுங்கள், ஒருவருக்கு வந்து ஒருவருக்கு வராமல் தேதி மாறினால் எல்லாமே குலையும். டர்பனுக்கு துபாய் வழியாகவோ ஜொகன்னஸ்பர்க் வழியாகவோ வரலாம். பிளக் விஷயம் ஒன்று: இங்கே சுவரில் இருப்பது நம் வீட்டில் ஏசி, கீசருக்குப் போடும் பெரிய மூன்று குழி பிளக். ஊரிலேயே ஒரு அடாப்டர் வாங்கி வந்துவிடுங்கள்.

போக்குவரத்துக்கு வாடகைக் கார்தான் சரி. சாலையில் இடப்பக்கம் ஓட்டுவதால் பழகுவது எளிது. டர்பன் நகர மையத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், இருட்டியபின் தெரியாத இடத்துக்கு ஓட்டாதீர்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி பார்க்க என்று இருந்தால் நடுவழியில் நிறுத்தி வரைபடம் பார்க்கும் நிலை வராது.

பணத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். தேடுவது உங்கள் குடும்பத்தை, நண்பருடையதை இல்லை. ஆவண நகல், பெட்ரோல் போன்றவற்றை நீங்கள் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். அவருக்கும் கடலைப் பார்க்க, டிராக்கன்ஸ்பர்க் மலையைப் பார்க்க ஒன்றிரண்டு நாள் ஒதுக்குங்கள். சலித்துப் போன நண்பர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்

டர்பனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். காந்தியை ரயிலிலிருந்து 1893-இல் இறக்கிவிட்ட ஊர் இது, அந்த ஸ்டேஷனைப் பார்க்காமல் திரும்ப மனசு வராது, ஆனால் காலையில் முதலில் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். வார நாளில்தான் திறந்திருக்கும். இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள் இங்கே இருக்கின்றன. தேசியக் காப்பகத்தின் இணையக் குறிப்பட்டியலில் பெயரையோ கலோனியல் நம்பரையோ போட்டு ஊரிலிருந்தே தேடி, கோப்பு எண்களை எழுதிக்கொண்டு வந்தால் இங்கே நேரம் மிச்சம். கோப்பைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். பேனா கூடாது, பென்சில் கொண்டு போங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள்.

ஒரு கோப்பை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் சத்தமில்லாமல் வாசித்துச் சொல்ல, மற்றவர் எழுத, பிறகு இடம் மாறி இன்னொரு தடவை. நூறு வருஷத்துக் கையெழுத்தில் ஒருவர் கண்ணுக்கு 'ரா'வாகத் தெரிவது இன்னொருவருக்கு 'வீ'யாகத் தெரியும். எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கோப்பு எண்ணையும் பக்கத்தையும் குறியுங்கள்.

கூலிக்காரனைப் பற்றிக் கோப்பில் என்ன இருக்கப் போகிறது என்று நினைக்காதீர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல் என்பது ஏட்டில் உள்ளது. கோப்பில் இருப்பது வேறு: சம்பளம் தரவில்லை என்ற மனு, அடித்தார்கள் என்ற புகார், மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி கேட்டது, ஒப்பந்தம் முடித்தவர்கள்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட மூன்று பவுன் வரியைக் கட்ட முடியாமல் தவித்தது. உங்கள் ஆளின் கைநாட்டு உங்கள் கண் முன்னால் வரக்கூடும். அந்த நேரத்தில் அவசரப்படாதீர்கள், வெளியே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், கோப்பை நண்பர் பார்த்துக்கொள்வார்.

இறந்தவரின் சொத்துக் கோப்பு கிடைத்தால் அதை விடச் சிறந்த ஆவணம் இல்லை. அதில் உள்ள மரண அறிவிப்புப் படிவத்தில் தாய் தந்தை பெயர், பிறந்த இடம், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதச் சொல்லியிருப்பார்கள். அங்கிருந்து அடுத்த தலைமுறைக்கு இறங்கலாம். நேட்டால் சொத்துக் கோப்புகள் சில, குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறு துண்டு நிலம் வைத்திருந்த காய்கறித் தோட்டக்காரருக்குக்கூடக் கோப்பு இருக்கலாம், ஆகவே 'அவர் ஏழை' என்று விட்டுவிட வேண்டாம்.

மனிதர்களைத் தேடுவது

எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று தெரிந்ததும் அந்த இடத்துக்கு நேரில் போங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப், டொங்காட், வெருலம், உம்சின்டோ எல்லாம் கரும்பு. வடக்கே டண்டீ, நியூகாசில் பக்கம் நிலக்கரி. சிலர் ரயில்வேக்கும் டர்பன் நகராட்சிக்கும் போனார்கள், நகராட்சி ஆட்களின் குடியிருப்பு மேகசின் பாரக்ஸ். ஆனால் பழைய முகவரியில் குடும்பம் இருக்காது. இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்பைப் பிரிக்க 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியர்களை வெளியேற்றிச் சாட்ஸ்வொர்த்துக்கும், பிற்பாடு பீனிக்சுக்கும் அனுப்பினார்கள். இடித்த வீட்டோடு போட்டோவும் காகிதமும் போன குடும்பங்கள் அவை. "ஏன் எதையும் வைத்திருக்கவில்லை" என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

தோட்டத்தை ஒட்டிய கோயில்தான் நல்ல தொடக்கம். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயில் கரும்புத் தோட்டத்து மக்களின் கோயிலாக எழுந்தது. கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தின் முதல் கோயில் உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்து வெள்ளத்தில் போனது. கோயில்களில் பதித்திருக்கும் கல்லில் தர்மகர்த்தாக்கள் பெயரைப் படியுங்கள், போட்டோ எடுங்கள். ஆடியில் வந்தால் வீட்டுக்கு வீடு, கோயிலுக்குக் கோயில் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பார்க்கலாம். எங்கள் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்து வளர்ந்தவனுக்கு அது என்னவோ செய்கிறது. கூழ் குடிக்க வரும் பாட்டிகளிடம் பேச்சுக் கொடுப்பதுதான் ஆடியில் வருவதன் பயன்.

இங்கே பெரும்பாலோர் வீட்டுப் பேச்சு ஆங்கிலம். தேவாரமும் காவடிப் பாட்டும் மனப்பாடமாகப் பாடுவார்கள், தமிழில் நீளமாகப் பேச வராது. அதைக் குறையாகப் பேசிவிடாதீர்கள். பள்ளியில் தமிழ் பெரும்பாலும் இல்லாமல், ஊர்த் தொடர்பு இல்லாமல், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் சாமியையும் சடங்கையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வயதான அம்மாவை 'ஆயா' என்று கூப்பிடுங்கள், மற்றவர்களை 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்றே அவர்களும் எதிர்பார்ப்பார்கள். சாதி கேட்காதீர்கள், பட்டியலில் பார்த்திருந்தாலும் நீங்களாக எடுக்க வேண்டாம்.

முதல் சந்திப்பில் உறவு என்று அறிவிக்காதீர்கள். திடீரென்று வந்து "நான் உங்க பங்காளி" என்றால் யாருக்கும் சந்தேகம் வரும், சொத்துக்கு வந்திருக்கிறாரோ என்று. ஊரில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கும் இதே பயம் வரும், அங்கிருந்து வந்து நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்று. முதலில் ஊரின் போட்டோ, ஏரி, குலதெய்வக் கோயில் படங்களைக் காட்டுங்கள், அவர்களைப் பேச விடுங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நண்பர் கேட்டுக்கொண்டும் குறித்துக்கொண்டும் இருக்கட்டும். ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால் அனுமதி கேட்டபின். ஒப்பந்தத்தின் பேரால் நடந்த கொடுமையைச் சொல்ல விரும்பாத பெரியவர்கள் உண்டு, அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

கிளம்பும் முன் எடுத்த ஆவணப் படங்களை எல்லாம் அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள், ஊருக்குப் போய் அனுப்பலாம் என்று தள்ளிப் போடாமல் இங்கிருக்கும்போதே. குடும்ப மரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பேனாவில் எழுதியது எது பென்சிலில் எழுதியது எது என்பதை இரண்டு படியிலும் குறித்து, ஒன்றை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி எதையும் அவர்களைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். அவர்களில் யாராவது ஊர் பார்க்க வர விரும்பினால், பட்டியலில் உள்ள கிராமம் இன்றைக்கு எந்தத் தாலுகாவில் இருக்கிறது, எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும் என்று எழுதி, உங்கள் நண்பரின் எண்ணையும் அவர் சம்மதத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.